நின்றது போலத் தெரியும் ஓட்டம்: அலசன் வாயுக்களின் தாக்க வீதமும் சமதானிப் பரிமாற்றமும்

இச்சஞ்சிகையின் பக்கங்களில் கவிதை, சிறுகதை, நாட்டார் வழக்காறு, ஊர் வரலாறு என்பனவே பெரும்பாலும் இடம்பெறும். இம்முறை ஒரு இரசாயன விடயத்தைக் கையிலெடுத்திருக்கிறேன். அதற்குக் காரணங்கள் இரண்டு. நம்மட பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைக்கும் விஞ்ஞான எழுத்தில் பெரும்பங்கு பரீட்சைக் குறிப்புகளாக இருப்பது முதற் காரணம். குறிப்பில் முடிவு இருக்கும். அந்த முடிவு எப்படிக் கண்டறியப்பட்டது என்ற கதை இருக்காது. இரண்டாவது காரணம், இந்த விடயத்துக்குள்ளே "சான்று என்றால் என்ன" என்ற பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருப்பது. அந்தக் கேள்வி வரலாற்று ஆய்வாளருக்கும் இலக்கிய ஆய்வாளருக்கும் சொந்தமானதுதான்.

உயர்தர வகுப்பில் இரசாயனச் சமநிலையைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சமநிலை எண்டா எல்லாம் நிண்டுட்டு எண்டுதானே சேர் கருத்து?" இல்லை, முன்னோக்கிய தாக்கமும் பின்னோக்கிய தாக்கமும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்று நான் சொல்வேன். அதற்குப் பிறகு வருவதுதான் நல்ல கேள்வி: "ஓடுதெண்டு எப்பிடிக் கண்டாங்க? வெளியில ஒண்டும் மாறல்லியே!"

இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் விடை சொல்ல முடியாது. கொஞ்சம் சுற்றித்தான் போகவேண்டும்.

1. ஒரு வீட்டின் நான்கு பிள்ளைகள்

புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன் ஆகிய நான்கையும் அலசன்கள் என்கிறோம். உப்பை உண்டாக்குபவை என்பது அச்சொல்லின் மூலப் பொருள். நான்கும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஐதரசன் வாயுவோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நம்புவது கஷ்டம்.

புளோரீனும் ஐதரசனும் இருட்டிலும் குளிரிலும்கூட வெடித்துத் தாக்கமடையக் கூடியவை. குளோரீன் இருட்டில் ஐதரசனோடு அமைதியாக இருக்கும்; சூரிய ஒளி பட்டால் வெடிக்கும். புரோமீனுக்கு 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடு காட்டவேண்டும்; அப்போதும் ஆறுதலாகத்தான் தாக்கம் நடக்கும். அயடீனுக்கு அதைவிடக் கூடிய சூடு தேவை. அப்படிச் சூடாக்கினாலும் தாக்கம் முழுமையாக முடியாது, இடையில் ஒரு சமநிலையில் வந்து நிற்கும்.

ஏன் இப்படி? ஒரு அலசன் அணு, ஐதரசன் மூலக்கூறு ஒன்றில் மோதி அதிலிருந்து ஒரு ஐதரசன் அணுவைப் பறித்தெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐதரசன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 436 கிலோயூல் செலவாகும். புதிய பிணைப்பு உண்டாகும்போது வரவு கிடைக்கும். அந்த வரவு ஐதரசன் புளோரைட்டுக்கு 570, ஐதரசன் குளோரைட்டுக்கு 431, ஐதரசன் புரோமைட்டுக்கு 366, ஐதரசன் அயடைட்டுக்கு 298 கிலோயூல் அளவில் இருக்கிறது.

வரவு செலவைப் பாருங்கள். புளோரீன் அணுவுக்கு 134 கிலோயூல் இலாபம். குளோரீன் அணுவுக்கு வெறும் 5 கிலோயூல் நட்டம். அது ஒரு நட்டமே அல்ல. புரோமீன் அணுவுக்கு 70, அயடீன் அணுவுக்கு 138 கிலோயூல் நட்டம். நால்வரின் நடத்தை வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. மேலே போகப்போக இந்த எண்கள் மீண்டும் மீண்டும் வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு ஆய்வு

சாதாரண அறையில் உள்ள ஒரு வாயு மூலக்கூறு செக்கனுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட தடவை இன்னொன்றோடு மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் தாக்கமாக முடிந்தால் உலகத்திலுள்ள எல்லாத் தாக்கங்களும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும். அப்படி நடப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு சக்தித் தடையைத் தாண்டும் மோதல்தான் பலன் தரும் என்ற கருத்தை 1889 இல் சுவீடன் நாட்டு அரீனியஸ் முன்வைத்தார். அந்தத் தடையை நாம் ஏவற்சக்தி என்கிறோம்.

ஐதரசன் அயடைட்டு பிரிகையடைவதற்கு ஏவற்சக்தி மூலுக்கு ஏறத்தாழ 184 கிலோயூல். 427 பாகை செல்சியஸில், அதாவது தனி வெப்பநிலை 700 இல், இவ்வளவு சக்தியோடு நடக்கும் மோதல்கள் கோடி கோடியில் இரண்டு மாத்திரமே. வெப்பநிலையை இன்னும் பத்துப் பாகை உயர்த்தினால் தாக்கம் ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும். வெப்பநிலை சிறிது ஏறினாலும் வேகம் பெரிதாக ஏறுவதன் இரகசியம் இதுதான்.

இதை அளந்து காட்டிய மனிதர் ஜேர்மன் விஞ்ஞானி மக்ஸ் போடன்ஸ்டைன். 1890 களில் அவர் செய்த ஆய்வு எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டியது. ஐதரசன் அயடைட்டைக் கண்ணாடிக் குமிழ்களில் அடைத்து வாயை உருக்கி மூடினார். அவற்றைக் கொதிக்கும் கந்தகம், இரசம் போன்றவற்றின் ஆவியில் வைத்தார். கொதிக்கும் திரவத்தின் ஆவி ஒரே வெப்பநிலையில் நிற்கும் என்பதால் சூடு கூடிக்குறையாது. குறித்த நேரம் கழிந்ததும் குமிழை வெளியே எடுத்துச் சடுதியாகக் குளிரவைத்தார். பிறகு காரக் கரைசலுக்குள் அதை உடைத்துத் திறந்தார். காரம் அயடீனையும் ஐதரசன் அயடைட்டையும் உறிஞ்சிவிடும்; எஞ்சி நிற்கும் ஐதரசனை அளந்தால் எவ்வளவு பிரிகையடைந்தது என்று தெரிந்துவிடும்.

அவர் இரண்டு பக்கத்தாலும் வந்து பார்த்தார். ஐதரசன் அயடைட்டிலிருந்து தொடங்கினாலும், ஐதரசனையும் அயடீனையும் கலந்து தொடங்கினாலும், கடைசியில் ஒரே இடத்தில்தான் கலவை வந்து நின்றது. 450 பாகையை அண்மித்த வெப்பநிலையில் ஐதரசன் அயடைட்டின் ஏறத்தாழ 22 சதவீதம் பிரிந்த நிலையில் இருக்கும். முன்னோக்கிய தாக்கத்தின் வீதம் ஐதரசனின் செறிவுக்கும் அயடீனின் செறிவுக்கும் நேர்விகிதமாக இருந்தது. ஆகவே ஒரு ஐதரசன் மூலக்கூறும் ஒரு அயடீன் மூலக்கூறும் நேருக்கு நேர் மோதி, நான்கு அணுக்களும் சோடி மாறிக்கொள்கின்றன என்று படம் வரைந்தார்கள். படமும் அழகு, கணக்கும் பொருந்தியது. உலகமெங்கும் பாடநூல்களில் அது குடியேறியது.

3. புரோமீன் சொன்ன வேறு கதை

1906 ஆம் ஆண்டளவில் போடன்ஸ்டைன் லிண்ட் என்பவரோடு சேர்ந்து புரோமீனை எடுத்து அதே கேள்வியைக் கேட்டார். விடை எதிர்பாராததாக இருந்தது. தாக்க வீதம் புரோமீனின் செறிவுக்கு விகிதமாக இருக்கவில்லை; அதன் வர்க்கமூலத்துக்கு விகிதமாக இருந்தது. அத்தோடு, உண்டாகும் ஐதரசன் புரோமைட்டே தாக்கத்தை மந்தமாக்கியது. இரண்டு மூலக்கூறுகளின் நேரடி மோதலில் அரை மூலக்கூறு எங்கே இருந்து வரும்? பதின்மூன்று வருடங்கள் அளவுக்கு இந்தச் சமன்பாடு விளக்கம் இல்லாமல் கிடந்தது.

1919, 1920 ஆம் ஆண்டுகளில் கிறிஸ்ரியன்சன், ஹேர்ஸ்பெல்ட், பொலானி என்ற மூவர் ஒருவரையொருவர் சாராமல் ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். தாக்கம் ஒரு சங்கிலியாக நடக்கிறது என்பதே அந்த விடை. சூட்டினால் சில புரோமீன் மூலக்கூறுகள் இரண்டு அணுக்களாகப் பிரிகின்றன. ஒரு புரோமீன் அணு ஐதரசன் மூலக்கூறைத் தாக்கி ஐதரசன் புரோமைட்டையும் ஒரு தனி ஐதரசன் அணுவையும் தருகிறது. அந்த ஐதரசன் அணு இன்னொரு புரோமீன் மூலக்கூறைத் தாக்கி, மீண்டும் ஐதரசன் புரோமைட்டையும் ஒரு புரோமீன் அணுவையும் தருகிறது. அந்த அணு திரும்பவும் வேலையைத் தொடங்குகிறது.

மூலக்கூறுக்கும் அதன் அணுக்களுக்கும் இடையில் சமநிலை இருந்தால், அணுக்களின் செறிவு மூலக்கூறின் செறிவின் வர்க்கமூலத்துக்கு விகிதமாகும். அந்த "அரை" எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. தனி ஐதரசன் அணு சிலவேளை தவறுதலாக ஐதரசன் புரோமைட்டையே தாக்கிப் பழைய ஐதரசனை மீட்டுத் தந்துவிடும். விளைபொருள் ஏன் மந்தப்படுத்துகிறது என்பதும் விளங்கிவிட்டது.

குளோரீனில் சங்கிலி இன்னும் நீளமானது. நான் முன்னர் சொன்ன 5 கிலோயூல் நட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அணு எடுத்துவைக்கும் முதல் அடிக்கே தடை அநேகமாக இல்லை. ஒரு ஒளித்துணிக்கை ஒரு குளோரீன் மூலக்கூறை உடைத்தால், அதிலிருந்து தொடங்கும் சங்கிலி இலட்சக்கணக்கான ஐதரசன் குளோரைட்டு மூலக்கூறுகளை உண்டாக்கிவிடும். வெயில் பட்டவுடன் வெடிப்பது அதனால்தான். அயடீன் அணுவுக்கோ 138 கிலோயூல் ஏற்றம். அந்த ஏற்றத்தில் சங்கிலி ஏறமாட்டாது. அதனால் அயடீன் மட்டும் பழைய நேரடி மோதல் வழியில் போகிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

4. எழுபது வருடத்துக்குப் பிறகு ஒரு மஞ்சள் ஒளி

1967 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் சலிவன் அந்த நிம்மதியைக் கலைத்தார். அவருடைய வாதம் இதுதான். அயடீன் மூலக்கூறுக்கும் அயடீன் அணுக்களுக்கும் இடையில் சமநிலை இருக்கிறது. ஆகவே அணுச் செறிவின் வர்க்கம் மூலக்கூறின் செறிவுக்கு விகிதமானது. ஒரு ஐதரசன் மூலக்கூறும் இரண்டு அயடீன் அணுக்களும் சேர்ந்து தாக்கமடைந்தால் வீதம் எதற்கு விகிதமாகும்? ஐதரசன் செறிவுக்கும், அயடீன் அணுச் செறிவின் வர்க்கத்துக்கும். அதாவது ஐதரசனுக்கும் அயடீன் மூலக்கூறுக்கும். போடன்ஸ்டைன் கண்ட அதே சமன்பாடு!

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இரண்டு வேறுபட்ட வழிகள் ஒரே சமன்பாட்டைத் தருகின்றன. அப்படியென்றால் சமன்பாடு பொருந்துகிறது என்பது எந்த வழிக்கும் சான்றாகாது. சூட்டை மாத்திரம் கருவியாக வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்தறியவும் வழியில்லை. சூடு கூடும்போது அணுக்களும் கூடும், மோதலின் சக்தியும் கூடும்.

சலிவன் இந்த இரண்டையும் பிரித்தெடுத்தார். சூட்டினால் அணுக்கள் மிகக் குறைவாகவே உண்டாகும் தாழ்ந்த வெப்பநிலையில், ஏறத்தாழ 145 முதல் 247 பாகை செல்சியஸ் வரை, கலவையின் மீது 578 நனோமீற்றர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியைச் செலுத்தினார். ஒளி அயடீனை அணுக்களாக்கியது. தாக்கமும் நடந்தது, வீதம் அயடீன் அணுச் செறிவின் வர்க்கத்துக்கு விகிதமாக இருந்தது. இங்கே கிடைத்த வீத மாறிலியை, மிக உயர்ந்த வெப்பநிலையில் ஒளியில்லாமல் கிடைத்த பழைய மாறிலிகளோடு ஒரே வரைபில் குறித்தபோது எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. சூட்டில் நடப்பதும் அணுக்களின் வழியேதான் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. உடையும் தறுவாய் வரைக்கும் அதிர்ந்துகொண்டிருக்கும் அயடீன் மூலக்கூறையும் உடைந்து முடிந்த இரண்டு அணுக்களையும் இந்த முறையால் வேறுபடுத்த முடியுமா என்று பின்வந்த கோட்பாட்டாளர் கேட்டார்கள். அது நியாயமான கேள்வியே. ஆனால் நான்கு அணுக்களும் ஒரே அடியில் சோடி மாறும் அந்த அழகான படத்துக்குப் பழைய மதிப்பு இனி இல்லை. பிள்ளைகளுக்கு அப்படத்தைக் காட்டும் ஆசிரியர்கள், "கணக்குக்குப் பொருந்திய முதல் விளக்கம் இது" என்ற ஒரு வசனத்தையாவது சேர்த்துச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

5. ஒரே இருக்கையில் இருவர்

இனி நம்மட முதற் கேள்விக்கு வருவோம். வெளியே ஒன்றும் மாறாத கலவைக்குள் ஓட்டம் இருப்பதை எப்படிக் காண்பது? அணுக்களுக்கு அடையாளம் போட்டுவிட்டால் காணலாம். அந்த அடையாளம்தான் சமதானி.

தானம் என்றால் இடம். ஆவர்த்தன அட்டவணையில் சமமான தானத்தில், அதாவது ஒரே இருக்கையில், இருக்கும் வெவ்வேறு திணிவுள்ள அணுக்கள் சமதானிகள். 1913 இல் சொடி வழங்கிய கிரேக்கவழிச் சொல்லின் பொருளும் இதுவே. இரசாயன நடத்தையில் அவை கிட்டத்தட்ட ஒன்று. கருவிலுள்ள நியூத்திரன் எண்ணிக்கையில் மாத்திரம் வேறு.

அலசன்களில் புளோரீனுக்கும் அயடீனுக்கும் இயற்கையில் நிலையான சமதானி ஒவ்வொன்றுதான்: புளோரீன்-19, அயடீன்-127. புரோமீனுக்கு 79, 81 என்ற இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. குளோரீனில் 35 என்பது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, 37 என்பது நான்கில் ஒரு பங்கு. குளோரீனின் சாரணுத்திணிவு ஏன் 35.45 என்ற இரண்டுங்கெட்டான் எண்ணாக இருக்கிறது என்ற புதிர் இதனால்தான் அவிழ்ந்தது. போத்தலில் இருக்கும் சாதாரண குளோரீன் வாயுவில் மூன்று வகை மூலக்கூறுகள் உண்டு: திணிவு 70 உள்ளவை நூறுக்கு 57, 72 உள்ளவை 37, 74 உள்ளவை 6 அளவில்.

இப்போது தூய 35 குளோரீனையும் தூய 37 குளோரீனையும் சம அளவில் ஒரே குடுவையில் கலக்கிறோம் என்று வையுங்கள். நிறம், அழுத்தம், வெப்பநிலை எதுவும் மாறாது. இரசாயனக் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஒளியைப் பாய்ச்சுங்கள். சில மூலக்கூறுகள் உடைந்து அணுக்கள் பிறக்கும். ஒரு 37 அணு ஒரு 35-35 மூலக்கூறில் மோதி, ஒரு 35 ஐ வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் குந்திக்கொள்ளும். தள்ளப்பட்டது வேறொன்றைத் தேடிப் போகும். காலப்போக்கில், முன்னர் ஒன்றுகூட இல்லாத 72 திணிவு மூலக்கூறு குடுவையில் பாதியாகிவிடும். திணிவு நிறமாலைமானி இதைக் காட்டித்தரும்.

கதிர்த்தொழிற்பாடுள்ள அணுவை அடையாளமாகப் பயன்படுத்துவது இன்னும் இலேசு. 1913 இல் ஹெவிசியும் பனெத்தும் ஈயத்தில் தொடங்கிவைத்த முறை அது. ஹெவிசிக்கு 1943 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசை அதுவே பெற்றுக்கொடுத்தது. ஐதரசன், அயடீன், ஐதரசன் அயடைட்டு மூன்றும் சமநிலையில் நிற்கும் குடுவைக்குள் இருக்கும் அயடீனில் சிறு பங்கை அயடீன்-131 ஆக மாற்றிவிட்டால், கொஞ்ச நேரத்தில் ஐதரசன் அயடைட்டும் கதிர்வீசத் தொடங்கும். அளவுகள் ஒன்றும் மாறவில்லை; ஆனால் அணுக்கள் வீடு மாறிவிட்டன. "ஓடுதெண்டு எப்பிடிக் கண்டாங்க" என்று கேட்ட பிள்ளைக்கு இதுதான் விடை.

6. இரண்டு அரிசி மூட்டைகள்

பரிமாற்றம் நடக்கிறது என்று கண்டால் மட்டும் போதாது; வேகத்தை அளக்கவேண்டும். 1938 இல் மக்கே என்பவர் காட்டிய விதி இதற்கு வழிசெய்தது. அதை அரிசியை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு மூட்டையில் நூறு கொத்து வெள்ளை அரிசி, மற்றதில் நூறு கொத்து சிவப்பு அரிசி. ஒவ்வொரு நிமிடமும் இரண்டிலிருந்தும் ஒரே அளவு அரிசியை எடுத்து மூட்டை மாற்றிப் போட்டுக் கிளறிவிடுகிறோம். தொடக்கத்தில் சிவப்பிலிருந்து போவது முழுக்கச் சிவப்பு, வெள்ளையிலிருந்து வருவது முழுக்க வெள்ளை. நேரம் போகப்போக, வருவதிலும் சிவப்பு கலந்திருக்கும். அதனால் சிவப்பரிசியின் தேறிய நகர்வு குறைந்துகொண்டே போகும். முதல் பத்து நிமிடத்தில் வித்தியாசத்தின் பாதி தீர்ந்தால், அடுத்த பத்தில் மிச்சத்தின் பாதி, அதற்கடுத்த பத்தில் அதன் பாதி. அரை, முக்கால், எட்டில் ஏழு என்று போகும்.

இங்கே முக்கியமான விடயம்: அரிசி கைமாறும் வேகம் குறையவேயில்லை. முதல் நிமிடமும் நூறாவது நிமிடமும் ஒரே அளவுதான் மாற்றப்பட்டது. நிறம் பரவுவதுதான் மெதுவாகியது. மேலே சொன்ன கணக்கில் அந்த மாறாத வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்றரைக் கொத்து. மூட்டைகளின் அளவும் பாதி தீரும் நேரமும் தெரிந்தால் எந்தப் பரிமாற்றத்துக்கும் இந்த வேகத்தைக் கணித்துவிடலாம். அணுக்கள் நேரடி மோதலால் மாறினாலும் சங்கிலியால் மாறினாலும் நிறம் பரவும் விதி ஒன்றே.

அப்படியானால் வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? செறிவுகளை மாற்றி மாற்றி அதே பரிசோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். வேகம் இரண்டு வாயுக்களின் செறிவுக்கும் விகிதமாக ஏறினால் இரண்டு மூலக்கூறுகளின் மோதல் என்று சந்தேகிக்கலாம். அலசன் மூலக்கூறின் வர்க்கமூலத்தோடு ஏறினால் தனி அணுக்கள் வேலை செய்கின்றன. பாத்திரத்துக்குள் கண்ணாடித் துண்டுகளைப் போட்டுச் சுவரின் பரப்பைக் கூட்டும்போது வேகம் மாறினால், மாற்றம் வாயுவுக்குள் நடக்கவில்லை, சுவரில் நடக்கிறது. வாயுப் பரிசோதனையில் ஆய்வாளரை அடிக்கடி ஏமாற்றுவது இந்தச் சுவர்தான். சுவரில் ஒட்டியிருக்கும் சொற்ப ஈரமும் போதும், விடையைத் திருப்பிப்போட.

7. நம்மட சிரட்டைக் கரியும் ஒரு நச்சு வாயுவும்

இதெல்லாம் ஆய்வுகூடத்துக்குள் மட்டும் கிடக்கிற அறிவு என்று நினைத்துவிடக் கூடாது. அணு உலைகளில் உண்டாகும் கழிவுகளில் அயடீன்-131 ஆபத்தானது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 8 நாட்கள். உடம்புக்குள் போனால் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் போய்ச் சேர்ந்துவிடும். 1986 இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு பிள்ளைகளிடையே தைரொயிட் புற்றுநோய் கூடியதற்கு இதுவே காரணம்.

உலையின் காற்றில் அயடீன் மூலக்கூறாக இருந்தால் கரி அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அதில் ஒரு பங்கு மெதைல் அயடைட்டு என்ற வாயுவாக மாறிவிடும். அது வெறும் கரியில், விசேடமாகக் காற்று ஈரமாக இருக்கும்போது, சரியாக ஒட்டாமல் நழுவிப் போய்விடும். அதைப் பிடிப்பதற்குக் கண்ட உபாயம்தான் சமதானிப் பரிமாற்றம். கரியைப் பொற்றாசியம் அயடைட்டில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். அதிலுள்ள அயடீன் சாதாரண 127. கதிர்வீசும் மெதைல் அயடைட்டு அக்கரிக்குள்ளால் போகும்போது தனது 131 ஐ விட்டுவிட்டு ஒரு 127 ஐ எடுத்துக்கொண்டு போகிறது. வெளியேறுவதும் மெதைல் அயடைட்டுத்தான். ஆனால் அதில் கதிர் இல்லை. கரியிலுள்ள சாதாரண அயடீன் கோடானுகோடி மடங்கு அதிகம் என்பதால், விட்டுப்போன 131 திரும்பவும் வாயுவில் ஏறிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு.

வாயுவைப் பிடித்து வைக்கவே இல்லை, கதிரை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டார்கள். அப்படி இறங்கியது கரிக்குள் 80 நாட்கள் கிடந்தால் பத்து அரைவாழ்வுக்காலம் கழிந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

தாக்க வீதம் உயிர் காக்கும் கணக்காவதும் இங்கேதான். காற்று அந்தக் கரிப்படையைக் கடக்க எடுக்கும் நேரம் கால் செக்கன் அளவிலேயே இருக்கும். அதற்குள் பரிமாற்றம் நடந்தாக வேண்டும். கரி ஈரமானால் நுண்துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும், பரிமாற்றம் பிந்தும், கதிர் வெளியே போய்விடும். அதனால்தான் காற்றைச் சற்றுச் சூடாக்கி ஈரப்பதனைக் குறைத்து அனுப்புகிறார்கள்.

இதற்குப் பயன்படும் கரியில் பெரும்பங்கு தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படுவது. சிரட்டைக் கரியின் நுண்துளைகள் மிகச் சிறியவை, கரியும் உறுதியானது. சிரட்டையிலிருந்து இவ்வகை உறிஞ்சு கரியைச் செய்து உலகுக்கு அனுப்பும் முக்கிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. நாம் அடுப்பில் போடும் சிரட்டைக்கு இப்படியும் ஒரு பெறுமதி இருக்கிறது.

8. கிணறும் வானமும்

சமதானிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோல நடக்கும் என்றேன். அந்தக் "கிட்டத்தட்ட" என்ற சொல்லிலும் பயன் உண்டு. காபனோடு பிணைந்த குளோரீன்-35, குளோரீன்-37 ஐ விடச் சற்று வேகமாகப் பிணைப்பறும். வித்தியாசம் மிகச் சிறியது; இருந்தும் அளக்கலாம். குளோரீன் கலந்த கைத்தொழிற் கரைப்பான் ஒன்று நிலத்தடி நீரில் கலந்துவிட்டது என்று வையுங்கள். சில வருடம் கழித்து அளந்தால் செறிவு குறைந்திருக்கிறது. நஞ்சு அழிந்துவிட்டதா, அல்லது நீர் கூடி ஐதாகிப் பக்கத்துக் கிணறுகளுக்குப் பரவிவிட்டதா? செறிவு மாத்திரம் இதற்கு விடை சொல்லாது. ஐதானால் 35 க்கும் 37 க்கும் உள்ள விகிதம் மாறாது. பற்றீரியாக்கள் உடைத்திருந்தால் 35 உள்ளவை முந்தி உடைந்து, எஞ்சியதில் 37 இன் பங்கு கூடியிருக்கும். மக்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற தீர்ப்புக்கு இந்தச் சிறு விகிதமும் ஒரு சாட்சி.

வானத்தில் நடப்பது சங்கிலிக் கதை. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்கள் தரைமட்டத்தில் யாரோடும் தாக்கமடையாத சாதுவான வாயுக்கள். அந்தச் சாதுத்தனமே பிரச்சினையாகியது. அவை அழியாமல் படைமண்டலம் வரை ஏறிப்போய், அங்கே கழியூதாக் கதிரினால் உடைந்து குளோரீன் அணுவைத் தருகின்றன. அந்த அணு ஓசோனிலிருந்து ஒரு ஒட்சிசனைப் பறிக்கிறது. பிறகு ஒரு தனி ஒட்சிசன் அணுவிடம் அதை ஒப்படைத்துவிட்டு மீண்டும் விடுதலையாகிறது. ஒரு குளோரீன் அணு இப்படி ஏறத்தாழ ஒரு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும். ரோலண்ட், மொலினா இருவரும் 1974 இல் இதை எச்சரித்தார்கள். 1985 இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் குறைவு அறிவிக்கப்பட்டது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. போடன்ஸ்டைன் காலத்து ஆய்வாளர்கள் கண்ணாடிக் குமிழுக்குள்ளே கண்ட சங்கிலி, உலகநாடுகளை ஒரு மேசைக்குக் கொண்டுவந்து இருத்தியது.

9. முடிவாக

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், ஒரு விளக்கம் தரவுகளுக்குப் பொருந்துகிறது என்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது என்பதே. பொருந்தக்கூடிய வேறு விளக்கம் உண்டா, உண்டென்றால் இரண்டையும் பிரித்துக்காட்டும் பரிசோதனை எது என்று கேட்கவேண்டும். சலிவன் ஒளியைக் கொண்டுவந்து பிரித்தார். பரிமாற்ற ஆய்வாளர் அணுவுக்கு அடையாளம் போட்டுப் பிரித்தார்கள். ஊர் வரலாறு எழுதுகிறவர் ஒரு செப்பேட்டையோ ஒரு வாய்மொழிக் கதையையோ கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்கவேண்டும்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐதரசனையும் அயடீனையும் பற்றி அடுத்த தடவை பாடம் வரும்போது, சமன்பாட்டை மனனம் செய்வதற்கு முன்னர் ஆசிரியரிடம் "இத எப்பிடிக் கண்டாங்க?" என்று ஒரு தடவை கேளுங்கள். வகுப்பில் நேரம் போதாது என்று சிலவேளை சொல்வார்கள். பரவாயில்லை; இடைவேளையில் போய்க் கேளுங்கள்.